குறும்பட ட்ரெய்லர்: 500 வெள்ளிக்குள் எந்தக் கேமரா, எந்த மென்பொருள்?

பட்டர்வொர்த்_மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். பினாங்குத் தீவில் ஒரு கல்லூரியில் ஊடகத் துறை டிப்ளோமா படிக்கிறேன். இறுதிப் பருவ வேலையாக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு படத்தின் ட்ரெய்லரைச் செய்ய வேண்டும். முழுப்படம் எடுக்க வேண்டியதில்லை, ட்ரெய்லர் மட்டும்தான். இரண்டு நிமிடம். கூடவே ஒரு ஏ3 சுவரொட்டி. தமிழில் எடுக்க அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் மலாய் வசன வரி (சப்டைட்டில்) கட்டாயம்.

கதை 2014இல் நடக்கிறது. கடைசி ஃபெரியில் ஏறிய அண்ணன் வீடு வந்து சேரவில்லை, தங்கை தேடிப் போகிறாள். பாதிக் காட்சிகள் இரவில். லிட்டில் இந்தியாவின் பின்சந்து, படகுத்துறை, பட்டர்வொர்த்தில் எங்கள் பாட்டி வீடு, இவைதான் இடங்கள்.

கையில் இருப்பவை: ஒரு ஐபோன் 13, மாமா மகனின் கேனன் 700டி (கூட வந்த 18-55 லென்ஸோடு), 8ஜிபி ராம் உள்ள லேப்டாப். அதில் தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது. நான்கு பேரும் போட்டது 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

வாடகைக் கடை ஒன்றில் விசாரித்தோம். 4கே கேமரா, இரண்டு லென்ஸ், கிம்பல் (கேமரா ஆடாமல் தாங்கும் கருவி) சேர்த்து ஒரு நாளைக்கு 280 வெள்ளியாம். அதை எடுக்கலாமா? எடிட்டிங்குக்கு எந்த மென்பொருள் நல்லது? குழுவில் ஆளுக்கொரு கருத்தாக இருக்கிறது. இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

செந்தூல்_எடிட்டர்:

தங்கச்சி, கேமராவை அப்புறம் பார்க்கலாம். முதலில் லேப்டாப்பைப் பாருங்கள். அந்த லேப்டாப் எந்தக் கோப்பைத் தடங்கல் இல்லாமல் ஓட்டுமோ, அந்தக் கோப்பைத் தருகிற கேமராதான் உங்களுக்கு நல்ல கேமரா.

காரணம் சொல்கிறேன். புதிய கேமராக்கள் பலவற்றில் 4கே, 10-பிட், ஹெச்.265 (காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை) என்று பதிவாகும். இடத்தை மிச்சப்படுத்த அந்தக் கோப்பு ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் குறித்து வைக்கிறது. நீங்கள் எடிட்டிங்கில் ஒரு ஃபிரேமில் போய் நின்றால் கணினி அதைச் சுற்றியுள்ள பல ஃபிரேம்களைப் பிரித்துக் கணக்குப் போட்டுத்தான் காட்ட முடியும். உங்கள் லேப்டாப்பில் அது திக்கித் திக்கி ஓடும். முழுநீளப் படமாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டு வெட்டிவிடலாம். ட்ரெய்லரின் உயிரே வெட்டும் வேகத்தில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் கால் நொடி முன்னால் வெட்ட வேண்டும் என்பது படம் ஒழுங்காக ஓடினால்தான் தெரியும். திக்கி ஓடும் படத்தை வைத்துத் தாளம் பார்க்கவே முடியாது.

700டி தருவது 4கேயைவிடச் சிறிய 1080பி, ஹெச்.265ஐவிட எளிய ஹெச்.264. உங்கள் லேப்டாப் அதை ஓட்டிவிடும். ஐபோனை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அமைப்புகளுக்குள் போய் நான்கு விஷயங்களை மாற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்:

ஹெச்டிஆர் காணொளியை நிறுத்துங்கள். ஐபோன் 12 முதல் அது டால்பி விஷன் என்ற, வெளிச்ச வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வடிவில் பதிவு செய்கிறது. சாதாரண டைம்லைனில் (எடிட்டிங்கில் காட்சிகளை அடுக்கும் பட்டை) போட்டால் வானமும் முகமும் வெளிறிப் போகும்.

ஃபார்மட்டை ‘அதிகப் பொருத்தம்’ என்ற பொருள் தரும் தேர்வுக்கு மாற்றுங்கள். அப்போதுதான் ஹெச்.264 வரும்.

‘பால்’ (PAL, நொடிக்கு 25 ஃபிரேம் முறை) ஃபார்மட்டுகளைக் காட்டு என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் திறந்தால்தான் 25 ஃபிரேம் தேர்வு தெரியும். 1080பி, 25 என்று வையுங்கள்.

இருட்டில் தானாக ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

இனி மென்பொருள். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அருமையானது. நிறம் திருத்துவதில் அதற்கு ஈடில்லை, வாட்டர்மார்க் கிடையாது, அல்ட்ரா ஹெச்டி வரை ஏற்றுமதி செய்யலாம். ஆனால் விண்டோஸில் 16ஜிபி ராம் வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள், எல்லா வேலையையும் கிராஃபிக்ஸ் அட்டையின் தலையில் கட்டும் மென்பொருள் அது. உங்கள் லேப்டாப்பில் திறக்கும். நான்கு லேயர் போட்டதும் மூச்சு வாங்கும்.

அதனால் கேடென்லைவ் எடுங்கள். இலவசம், திறந்த மூலம், சந்தா இல்லை. அதில் பிராக்ஸி வசதி உண்டு. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்னதாக ஒரு நகல் செய்துகொண்டு அதை வைத்து வெட்டும், ஏற்றுமதியின்போது அசல் கோப்புக்குப் போய்விடும். கல்லூரிக் கணினி அறையில் அடோபியின் பிரீமியர் மென்பொருள் இருந்தால் அதுவும் நல்லதுதான். ஆனால் அறை பூட்டிய பிறகு உங்களால் ஒரு வெட்டுகூட மாற்ற முடியாது என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

280 வெள்ளி கொடுத்து அந்தக் கேமராவை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து.

ஒலிப்பெட்டி:

மேலே அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மிச்சமாகும் பணத்தை ஒலிக்குக் கொடுங்கள். படம் கொஞ்சம் கரகரப்பாக இருந்தால் ‘இரவுக் காட்சி, அப்படித்தான்’ என்று பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார். வசனம் புரியவில்லை என்றால் அடுத்த நொடியே காணொளியை மூடிவிடுவார்.

ட்ரெய்லரில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. பாதி வசனங்கள் வேறொரு படத்தின் மேல்தான் ஓடப் போகின்றன. தங்கை “அண்ணன் கடைசியா எந்த ஃபெரியில ஏறினான்?” என்று கேட்கும்போது திரையில் வாய் தெரியப் போவதில்லை, படகுத்துறையின் கம்பிதான் தெரியும். அப்படியென்றால் அந்த வசனத்தைப் படப்பிடிப்பு இடத்தில் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. பாட்டி வீட்டில் துணி அலமாரி இருக்கும் அறையைத் தேர்ந்தெடுங்கள், மெத்தையைச் சுவரோரமாக நிமிர்த்தி வையுங்கள், காற்றாடியை நிறுத்துங்கள், ஏர்கோனையும் நிறுத்துங்கள், குளிர்பெட்டி பக்கத்தில் இருந்தால் அதையும் பத்து நிமிடம் நிறுத்துங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு வரியையும் மூன்று விதமாகச் சொல்லச் சொல்லுங்கள்: மெதுவாக, கோபமாக, கிசுகிசுப்பாக. எடிட்டிங்கில் அந்தக் கிசுகிசுப்பு எவ்வளவு உதவும் என்பதை அப்போது பார்ப்பீர்கள்.

கருவி என்று பார்த்தால் சூம் ஹெச்1என் போன்ற ஒரு கையடக்க ரெக்கார்டரும் சட்டையில் குத்தும் ஒரு லேவலியர் மைக்கும் போதும். ரெக்கார்டரை வாடகைக்கு எடுக்கலாம், குத்தும் மைக்கைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். 700டியில் மைக் துளை உண்டு, ஆனால் ஹெட்போன் துளை கிடையாது. என்ன பதிவாகிறது என்பதைக் காதால் கேட்டுச் சரிபார்க்க வழியில்லாத கருவியை முக்கிய ஒலிக்கு நம்பக் கூடாது. ரெக்கார்டரில் 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் வையுங்கள். சாதாரணப் பேச்சு மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கட்டும். தானியங்கி அளவு வேண்டாம். பேச்சுக்கு இடையே அமைதி வந்தால் அது சத்தத்தை ஏற்றி இரைச்சலைக் கூட்டிக்கொண்டு வரும்.

ஒவ்வொரு டேக் ஆரம்பத்திலும் கேமராவுக்கு முன்னால் ஒருவர் கை தட்டட்டும். ஒலியையும் படத்தையும் பொருத்த அந்த ஒரு தட்டு போதும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிட அமைதியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டிய வசனங்களுக்கு இடையில் அந்த அமைதியைப் போடாவிட்டால் ஒலி அறுந்து அறுந்து கேட்கும்.

லிட்டில் இந்தியா பற்றி ஒரு எச்சரிக்கை. லெபோ பசார், லெபோ பினாங் பக்கம் கடை வாசல் ஒலிபெருக்கிகளில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு சேர்த்து வசனத்தைப் பதிவு செய்தால் இரண்டு தொல்லை. வெட்டும் இடத்தில் எல்லாம் பாட்டு எகிறும். யூடியூபில் ஏற்றினால் பின்னணியில் ஓடிய பாட்டுக்கே உரிமைக்கோரல் வரலாம். அங்கே படத்தை மட்டும் எடுங்கள், ஒலியை வேறு இடத்தில் எடுங்கள். விடியற்காலை என்றால் பாட்டு இருக்காது, குயில் இருக்கும். அதன் கத்தலை நீக்க எந்த மென்பொருளும் உதவாது.

பட்டர்வொர்த்_மாணவி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வசனத்தைத் தனியாகப் பதிவு செய்யலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு சந்தேகம். விரிவுரையாளர் சினிமா என்றால் 24 ஃபிரேம் என்கிறார். மேலே 25 என்று சொல்லியிருக்கிறீர்கள். எதைப் பின்பற்றுவது? அப்புறம் இரவுக் காட்சிகள். 700டியில் பின்சந்தை எடுத்துப் பார்த்தோம், ஒரே புள்ளி புள்ளியாக இருக்கிறது.

தண்ணீர்மலை_ஒளி:

கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று பினாங்கில் பல வருடமாக ஒளிப்பதிவு செய்கிறேன். இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

விரிவுரையாளர் சொல்வது தவறில்லை, திரையரங்கில் ஓடும் படங்கள் 24தான். ஆனால் நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கும் மலிவான எல்இடி விளக்கும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம், நொடிக் கணக்கில்) 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் அந்தத் துடிப்போடு கணக்குச் சரியாக விழும். 1/60 என்று வைத்தால் திரையில் பட்டை பட்டையாக நகரும். 25 ஃபிரேமுக்கு இயல்பான ஷட்டரே 1/50தான், அதனால் உங்களுக்கு ஒரு தலைவலி குறைவு. கல்லூரி 24தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் 24 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று எடுங்கள், அதுவும் சரியாக வரும். இரண்டு கேமராவிலும் ஒரே எண் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பார்ப்பவர் கண்ணுக்கு 24க்கும் 25க்கும் வேறுபாடு தெரியாது.

கேனனில் மெனுவில் பால் தேர்ந்தெடுத்தால் 25 வந்துவிடும். ஐபோனின் சொந்தக் கேமரா செயலியில் ஷட்டரைப் பூட்ட முடியாது. பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். ஷட்டர், ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்) மூன்றையும் அதில் பூட்டலாம். கடைத் தெருவின் ஓடும் எழுத்துப் பலகைகள் மட்டும் எந்தக் கணக்குக்கும் அடங்காமல் துடிக்கும். ஒவ்வொன்றையும் பத்து வினாடி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரவுக்கு வருவோம். புள்ளி வருவது கேமராவின் குற்றம் மட்டும் இல்லை. 18-55 லென்ஸை ஜூம் செய்தால் துளை எஃப்5.6 வரை சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சின்னது). உள்ளே வெளிச்சமே போகாது, நீங்கள் ஐஎஸ்ஓவை ஏற்றுகிறீர்கள், புள்ளி வருகிறது. 50 எம்எம் எஃப்1.8 லென்ஸ் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். கேனன் லென்ஸ்களிலேயே மலிவானவற்றில் ஒன்று அது. 5.6க்கும் 1.8க்கும் வித்தியாசம் மூன்று ஸ்டாப்புக்கு மேல், அதாவது எட்டு மடங்குக்கும் அதிகமான வெளிச்சம். ஐஎஸ்ஓ 6400இல் எடுத்ததை 800க்குக் கீழேயே எடுத்துவிடலாம். 700டியில் சென்சார் சிறியது என்பதால் 50 எம்எம் கிட்டத்தட்ட 80 எம்எம் போல நெருக்கமாகத் தெரியும். முகத்துக்கு அது அழகு. சந்து முழுவதையும் காட்ட ஐபோனின் முதன்மை லென்ஸைப் பயன்படுத்துங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது: இரவை இரவில் எடுக்காதீர்கள். சூரியன் மறைந்ததும் வானம் நீலமாக இருக்கும் நேரத்தில் எடுங்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த நேரம் இருபது நிமிடம்கூட நிற்காது. எனவே ஆறரைக்கே கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, நடிகரை நிற்க வைத்து ஒத்திகை முடித்திருக்க வேண்டும். வானத்தில் கொஞ்சம் நீலம், ஐந்தடி நடைபாதையில் கடை விளக்கின் மஞ்சள், இரண்டும் சேர்ந்தால் செலவே இல்லாமல் பணக்காரப் படம் போல வரும். விளக்கு வாங்கத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு சின்ன எல்இடி பலகையும், பெரிய வெள்ளைத் தெர்மோகோல் அட்டை ஒன்றும் போதும். விளக்கை முகத்துக்கு நேராகக் காட்டாமல் அட்டையில் அடித்துத் திருப்பிவிடுங்கள்.

பகலுக்கும் ஒன்று. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் துளையை எஃப்22 வரை சுருக்க வேண்டியிருக்கும். ஐபோனில் துளையைச் சுருக்கவே முடியாது. மாறும் வகை என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) ஒன்று இருந்தால் இந்தச் சிக்கல் தீரும். இல்லாவிட்டால் நண்பகலை விட்டுவிட்டுக் காலை ஒன்பதுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஏர்கோன் காரில் இருந்து கேமராவை நேராக வெளியே எடுக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் லென்ஸ் முழுக்கப் பனிபோல மூடிக்கொள்ளும், துடைக்கத் துடைக்கத் திரும்பவும் மூடும். பையை மூடியபடியே வெளியே வைத்து அரை மணி நேரம் விடுங்கள்.

கிள்ளான்_கேமரா:

எல்லோரும் சேர்ந்து ஒரு மாணவியிடம் ‘இருப்பதை வைத்துச் சமாளி’ என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. டிப்ளோமா முடித்து வேலைக்குப் போகும்போது அவர்கள் கையாளப் போவது 700டி இல்லை. லாக் பதிவு (பிறகு நிறம் திருத்த வசதியான வெளிறிய பதிவு), நல்ல ஆட்டோஃபோகஸ், இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாவது, இதையெல்லாம் படிக்கும் காலத்திலேயே தொட்டுப் பார்க்க வேண்டாமா? கண்ணைத் தொடரும் ஃபோகஸ் உள்ள ஒரு மிரர்லெஸ் கேமராவில் ஒரே ஆள் நடந்துகொண்டே எடுக்கலாம். 700டியில் நடிகர் அசைந்தால் ஃபோகஸ் தேடித் தேடி அலையும், இருட்டில் இன்னும் மோசம். நான்கு பேர் குழுவில் ஃபோகஸ் பார்க்கவே தனியாக ஒருவர் வேண்டியிருக்கும்.

கிம்பல் வேண்டாம், அதை ஒப்புக்கொள்கிறேன். கேமராவை ஒரு நாள் எடுங்கள். லேப்டாப்தான் தடை என்றால் கேமராவையே 1080பி, 8-பிட், ஹெச்.264 என்று வைத்துக்கொள்ளலாமே. பெரும்பாலான கேமராக்களில் அந்தத் தேர்வு இருக்கிறது.

செந்தூல்_எடிட்டர்:

நியாயமான பேச்சு. 1080பி, 8-பிட் என்று வைத்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடுகிறது. ஃபோகஸ் பற்றிச் சொன்னதையும் மறுக்க முடியாது.

மீதிப் பாதி இதுதான். வாடகை ஒரு நாளைக்கு. அந்த ஒரு நாள் மழை பெய்தால்? ட்ரெய்லர் எடுப்பது எப்படி என்று கணக்குப் பாருங்கள். 120 வினாடி, ஒரு ஷாட் சராசரியாக இரண்டு வினாடி என்றால் 60 ஷாட். அதை மூன்று இடங்களில், வெவ்வேறு வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். ஒரே நாளில் ஓடி ஓடி எடுத்தால் 60 ஷாட் கிடைக்கும், ஆனால் பார்த்துவிட்டு ‘இது சரியில்லை, திரும்ப எடுப்போம்’ என்று சொல்ல நேரமே இருக்காது. சொந்தக் கேமரா கையில் இருந்தால் முதல் வாரம் எடுத்து, வெட்டிப் பார்த்து, எது குறைகிறது என்று தெரிந்து இரண்டாவது வாரம் அதை மட்டும் எடுக்கலாம். மாணவர் ட்ரெய்லர்கள் நன்றாக வருவதும் வராமல் போவதும் அந்த இரண்டாவது சுற்றில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எனவே வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் இரண்டாவது சுற்றுக்கு எடுங்கள். எந்த ஷாட்டுக்கு அந்தக் கேமரா உண்மையில் தேவை என்று அப்போது தெரிந்திருக்கும். நடந்துகொண்டே எடுக்கும் ஷாட் இரண்டு மூன்றுதான் இருக்கும்.

கிள்ளான்_கேமரா:

சரி, இரண்டாவது சுற்றுக்கு என்றால் எனக்கும் சம்மதம். எடுக்கும்போது கடையிலேயே வைத்து வெள்ளைத் தாளை எஃப்16இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். எங்களுக்கு ஒருமுறை ஒரு கடையில் தந்த கேமராவில் அப்படி இருந்தது, வானம் தெரிந்த எல்லா ஷாட்டிலும் ஒரே இடத்தில் பொட்டு. பேட்டரி எத்தனை, முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத்துரு_பிரியை:

கேமராவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ட்ரெய்லரில் கால்வாசி நேரம் திரையில் இருப்பது எழுத்து. தமிழ் எழுத்து போடுவதில்தான் பல மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

‘கொ’, ‘போ’ என்று தட்டினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், புள்ளி தள்ளி விழும். மென்பொருளின் எழுத்து இயந்திரம் இந்திய மொழிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று அர்த்தம். பிரீமியரில் கிராஃபிக்ஸ் விருப்பங்களுக்குள் போய் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கு மாற்ற வேண்டும். கேடென்லைவில் தலைப்புக் கருவி தமிழைச் சரியாகவே காட்டும். எந்த மென்பொருளிலும் செல்லுபடியாகும் ஒரு வழி உண்டு: இங்க்ஸ்கேப்பில் தலைப்பை அமைத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து, டைம்லைனில் படமாகவே போட்டுவிடுங்கள். அப்புறம் உடையவே உடையாது.

ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும் அசைவைத் தமிழுக்குப் போடாதீர்கள். மென்பொருள் ‘கி’ என்பதை ‘க’வும் மேலே வரும் விசிறிக் குறியுமாகப் பிரித்துக் காட்டும். எழுத்து இடைவெளியை அகலமாக்கினாலும் துணைக்கால் தனியாகப் போய் நிற்கும். சொல் சொல்லாகத் தோன்ற வையுங்கள்.

எழுத்துரு என்றால் விண்டோஸில் உள்ள லதாவையும் நிர்மலாவையும் மட்டும் நம்ப வேண்டாம், பார்த்ததும் அலுவலகக் கடிதம் போல இருக்கும். நோட்டோ செரிஃப் தமிழ், கேட்டமரான், முக்த மலர், பவனம், கவிவனார், எல்லாமே இலவசம், திறந்த உரிமத்தில் கிடைப்பவை. திகில் கதைக்கு நோட்டோ செரிஃப் தமிழின் தடித்த வடிவம் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. குழுவில் யாரிடமாவது மேக் இருந்தால் அதில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி இரண்டும் ஏற்கெனவே இருக்கும். அந்த எம்என் நம் மலேசியாவின் முத்து நெடுமாறன். உலகம் முழுக்க ஆப்பிள் கணினிகளில் தமிழ் தெரிவது நம் ஊர்க்காரர் வரைந்த எழுத்தில் என்பது எனக்கு எப்போதும் பெருமையான விஷயம்.

மலாய் வசன வரி ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, வரிக்கு 40 எழுத்துக்குள் இருக்கட்டும். தலைப்பு திரையின் கீழே வந்தால் அந்த இடத்தில் மட்டும் வசன வரியை மேலே ஏற்றுங்கள்.

சுவரொட்டிக்குக் காணொளியிலிருந்து ஃபிரேமை எடுக்காதீர்கள். 1080பி ஃபிரேம் 2 மெகாபிக்சல்தான். ஏ3 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 17 மெகாபிக்சலுக்கு மேல் வேண்டும். 700டி எடுக்கும் புகைப்படம் 18 மெகாபிக்சல், கச்சிதமாகப் பொருந்தும். படப்பிடிப்பின்போதே அதே உடையில், அதே வெளிச்சத்தில், ரா கோப்பாகப் (கேமரா திருத்தாத அசல் பதிவு) படம் எடுத்து வையுங்கள்.

ஆசான்_பிறை:

கல்லூரி மாணவர்களுக்குப் படத்தொகுப்புச் சொல்லிக் கொடுப்பவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

அனுமதி: கல்லூரி முத்திரையோடு கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். படகுத்துறைக்கும் ஃபெரிக்கும் நடத்துநரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், போய் நின்று கேட்டால் காவலர் திருப்பி அனுப்பத்தான் செய்வார். சந்தில் வீடுகள் இருந்தால் அங்கே இருப்பவர்களிடமும் சொல்லிவிட்டு எடுங்கள். டிரோன் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். அதற்கான அனுமதி வேலை உங்கள் ஒரு மாதத்தையும் தின்றுவிடும்.

கதை 2014 என்கிறீர்கள். அப்போது ஓடிய பழைய இரண்டடுக்கு ஃபெரிகள் ஓய்வு பெற்றுவிட்டன. இப்போது ஓடுபவை 2023 ஆகஸ்டில் சேவைக்கு வந்த புதியவை. கப்பல் முழுதாகத் தெரியும் ஷாட் வைத்தால் பினாங்கு ஆட்கள் உடனே பிடித்துவிடுவார்கள். ஃபெரியைக் காட்டாமல் ஒலியில் சொல்லுங்கள்: இயந்திரத்தின் உறுமல், ஹார்ன், தண்ணீர் மோதும் சத்தம். திரையில் கம்பியைப் பிடித்திருக்கும் கை, தண்ணீரில் விளக்கின் நிழல். கதை காணாமல் போனவனைப் பற்றியது, கப்பலும் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே பொருத்தம்.

இசை: சினிமாப் பின்னணி இசையை வெட்டி ஒட்டாதீர்கள். யூடியூபின் தானியங்கி முறை கண்டுபிடித்துவிடும், மதிப்பெண்ணும் போகும். யூடியூபின் ஆடியோ நூலகத்தில் இலவச இசை உண்டு, ஃப்ரீசவுண்டில் சின்னச் சின்ன ஒலிகள் உண்டு. உரிமக் குறிப்பை மட்டும் வாசித்துவிட்டு எடுங்கள். உங்கள் பக்கத்தில் உறுமி மேளக் குழு இருந்தால் ஒரு மாலை அவர்கள் பயிற்சிக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். ஒற்றை உறுமியின் அந்த இழுவையை எட்டு வினாடி பதிவு செய்தால் போதும், எந்த நூலகத்திலும் கிடைக்காத ஒரு திகில் ஒலி உங்களுக்கே உங்களுக்காகக் கிடைக்கும்.

பட்டர்வொர்த்_மாணவி:

எல்லாவற்றையும் குழுவில் வாசித்துக் காட்டினேன். இப்படி முடிவு செய்திருக்கிறோம்.

700டி முதன்மைக் கேமரா, ஐபோன் இரண்டாவது. 25 ஃபிரேம், 1/50. விரிவுரையாளரிடம் மின்சாரக் காரணத்தைச் சொன்னோம், ஒப்புக்கொண்டார். 50 எம்எம் லென்ஸைச் சித்தப்பா ஒருவர் இரவல் தருகிறார். ரெக்கார்டர் வார இறுதி வாடகை 60, குத்தும் மைக் 75, எல்இடி பலகையும் அட்டையும் சேர்த்து 90. சாப்பாட்டுக்கும் ஃபெரிக்கும் 80. இரண்டாவது சுற்றில் கேமரா மட்டும் வாடகைக்கு எடுக்க 150 ஒதுக்கியிருக்கிறோம், தேவைப்படாவிட்டால் அப்படியே இருக்கட்டும். கேடென்லைவ் இறக்கிப் பழக ஆரம்பித்துவிட்டேன். பக்கத்துத் தெரு உறுமி அண்ணன்கள் வரச் சொல்லிவிட்டார்கள்!

மிச்சம் 45 வெள்ளி. அதில் மெமரி கார்டு வாங்கலாமா? இணையத்தில் 256ஜிபி கார்டு 20 வெள்ளிக்குக் கிடைக்கிறது.

செந்தூல்_எடிட்டர்:

அந்தக் கார்டை வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் போலியாக இருக்கும். உள்ளே 16ஜிபி மட்டும் இருக்கும், நிரம்பியதும் பழையவற்றின் மேலேயே எழுதும், கோப்பு இருப்பதாகக் காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது. தெரிந்த கடையில் 64ஜிபி, வி30 முத்திரை உள்ள கார்டு ஒன்று வாங்குங்கள். வி30 என்றால் வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும், 700டிக்குத் தாராளம். வாங்கிய அன்றே ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவியால் கார்டு முழுவதையும் சோதித்துப் பாருங்கள்.

படப்பிடிப்பு முடிந்த இரவே லேப்டாப்பிலும் இன்னொருவரின் ஹார்ட் டிஸ்க்கிலும் நகல் எடுங்கள். இரண்டு நகலையும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். ஐபோன் கோப்புகளைக் கேபிள் வழியாக எடுங்கள். வாட்சப்பில் அனுப்பினால் சுருக்கிவிடும். கைப்பேசிக் கோப்புகளில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது, போகப் போக ஒலி விலகும். கேடென்லைவ் அதைக் கண்டுபிடித்து மாற்றட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி:

ஏற்றுமதிக்கு முன் ஒலியை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் கொண்டு வாருங்கள். அதைவிட சத்தமாக வைத்தால் யூடியூப் தானே குறைத்துவிடும். முடித்த பிறகு ஒருமுறை ஹெட்போனில், ஒருமுறை கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேளுங்கள். உறுமியின் அடிநாதம் கைப்பேசியில் கேட்கவே கேட்காது, அதனால் அதன் மேல் ஓடும் வசனம் இரண்டிலும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்மலை_ஒளி:

தங்கச்சி, ஸ்டாண்ட் வாங்குவது பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. என்னிடம் பழைய கனமான ஸ்டாண்ட் ஒன்று சும்மா இருக்கிறது, காற்றடிக்கும் படகுத்துறைக்கு அதுதான் சரி. தனிச் செய்தியில் தேதியைச் சொல்லுங்கள், தீவுப் பக்கம் என்றால் கொண்டு வந்து தருகிறேன்.